ஒரு சம்பளம், மூன்று பேர்: குழந்தை பிறக்கும் முன்பே வீட்டுக் கணக்கை மாற்றுவது எப்படி?

முதல் ஸ்கேன் முடிந்து வீடு திரும்பும்போது சந்தோஷம். அடுத்த வாரமே பேச்சு தொடங்கிவிடும்: "குழந்தை பிறந்ததும் ஒருத்தர் சம்பளத்துல சமாளிக்க முடியுமா?" பெங்களூரு, ஹைதராபாத், புணே, மும்பை என்று வேலைக்காகப் போய்க் குடியேறிய தமிழ்த் தம்பதிகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. அம்மாவோ மாமியாரோ பக்கத்துத் தெருவில் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள இருவரில் ஒருவர் வேலையை நிறுத்த வேண்டிய நிலை வருகிறது.

"அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம்" என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் பதில். சிக்கலே அந்த 'அப்போ'வில்தான் இருக்கிறது. விடுப்பு, இன்சூரன்ஸ், வாடகை வீடு, கடன் எல்லாமே குழந்தை பிறக்கும் முன்பு முடிவெடுத்தால் கைகொடுக்கும். பிறந்த பிறகு யோசித்தால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். கையில் இருக்கும் ஆறேழு மாதத்தில் என்ன செய்யலாம்? பார்ப்போம்.

முதல்ல, கணக்கு என்ன சொல்லுது?

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் வாடகை வீடு. பிடித்தம் போகக் கணவரின் கைக்கு வருவது 80,000 ரூபாய், மனைவிக்கு 50,000 ரூபாய். மாதச் செலவு இப்படி:

- வீட்டு வாடகை, பராமரிப்பு: 28,000
- மளிகை, பால், காய்கறி, கேஸ்: 14,000
- மின்சாரம், இணையம், போன்: 4,000
- பெட்ரோல், ஆட்டோ, கேப்: 7,000
- கார் இஎம்ஐ: 12,000
- ஊரில் பெற்றோருக்கு: 10,000
- ஹோட்டல், ஆன்லைன் ஆர்டர், ஓடிடி: 14,000
- எஸ்ஐபி, சீட்டு: 20,000
- இன்சூரன்ஸ் பிரீமியம்: 3,000
- துணி, மருந்து, ஊருக்குப் போக வர: 8,000

மொத்தம் 1,20,000. இரண்டு சம்பளத்தில் 10,000 மிஞ்சுகிறது. மனைவியின் சம்பளம் நின்று, டயப்பர், குழந்தை மருத்துவர், துணிமணி என்று இன்னொரு 10,000 சேர்ந்தால் செலவு 1,30,000, வரவு 80,000. மாதம் 50,000 ரூபாய் இடிக்கிறது.

இதைப் பார்த்ததும் நம்மில் பலர் முதலில் கைவைப்பது ஓடிடியிலும் ஸ்விக்கியிலும்தான். கைவைக்க வேண்டியதுதான். ஹோட்டல், ஆன்லைன் செலவை 5,000 ஆக்கலாம். ஒருவர் மட்டும் ஆபீஸ் போவதால் போக்குவரத்து 4,000 ஆகும். எஸ்ஐபி, சீட்டை 8,000-க்கும் இதர செலவை 5,000-க்கும் இறக்கலாம். இத்தனையும் செய்தால் மிச்சம் 27,000. இன்னும் 23,000 துண்டு விழும்.

அதை அடைக்கப் பெரிய இரண்டு செலவுகளில்தான் கைவைக்க முடியும். கார் கடனைக் கையிருப்பை வைத்து முடித்தாலோ, காரை விற்றுவிட்டாலோ 12,000. கொஞ்சம் தள்ளி, 22,000 வாடகையில் வீடு பார்த்தால் 6,000. இப்போது துண்டு வெறும் 5,000. உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கதை இதுதான்: காபியைக் குறைப்பதால் மட்டும் கணக்கு நேராகாது, வாடகையும் இஎம்ஐயும்தான் தீர்மானிக்கும். வீடு மாறுவதை எட்டாம் மாதத்திலோ கைக்குழந்தையோடோ செய்ய முடியாது. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்க, புது வீட்டுக்குக் கட்ட எல்லாவற்றுக்கும் அவகாசம் வேண்டும். அதனால் இந்த முடிவு நான்காம், ஐந்தாம் மாதத்துக்குள் வர வேண்டும்.

ஒத்திகை பார்த்தால் என்ன?

குழந்தை பிறந்த பிறகு ஒரு சம்பளத்தில் வாழப் பழகுவதைவிட, இரண்டு சம்பளம் வரும்போதே பழகிவிடுவது நல்லது. அடுத்த மாதத்திலிருந்து, நிறுத்தப்போகிறவரின் சம்பளம் வந்த அன்றே தனி அக்கவுன்டுக்குப் போகட்டும். மீதி ஒரு சம்பளத்தில் மாதத்தை ஓட்டிப் பாருங்கள்.

முதல் மாதம் 20-ஆம் தேதியே பணம் தீர்ந்துவிடும். பயப்பட வேண்டாம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஒத்திகை. எங்கே ஓட்டை என்று தெரியும், அடைக்கவும் ஆறு மாதம் இருக்கும். மேலே சொன்ன வீட்டில், மாதம் 20,000 திரும்ப எடுத்துச் செலவழித்தாலும் 30,000 நிற்கும். ஆறு மாதத்தில் 1,80,000 ரூபாய். ஒத்திகையில் தோற்றாலும் பணம் சேரும்.

வேலையை எப்போ விடணும்?

"எப்படியும் விடத்தானே போறோம், ஏழாம் மாதமே விட்டுடலாம்" என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. இதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-லும் இந்த விதிகள் இடம்பெற்றுள்ளன. இந்த விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம்.

நம் மாதிரிக் கணக்கில் 26 வாரம் என்பது ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய். பிரசவத்துக்கு முன்பே ராஜினாமா செய்தால் அதை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். கம்பெனி இன்சூரன்ஸும் வேலையோடு போய்விடும். விடுப்பு முடிந்ததும் கட்டாயம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சட்டம் நிபந்தனை போடவில்லை. அதனால் வேலையை விடுவதா வேண்டாமா என்ற முடிவை விடுப்பின் ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். அப்போது குழந்தையின் உடல்நிலை, தாயின் உடல்நிலை, வீட்டின் கணக்கு மூன்றும் தெரிந்திருக்கும்.

நடுவழிகளும் உண்டு. வேலையின் தன்மை இடம்கொடுத்தால், விடுப்புக்குப் பிறகும் வீட்டிலிருந்து வேலை பார்க்க நிறுவனத்துடன் பேசிக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இஎஸ்ஐ வழியாக மகப்பேறு பலன் பெறலாம்.

தந்தையருக்கு? மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹெச்ஆரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்சூரன்ஸ்: ஹெச்ஆரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

கர்ப்பம் உறுதியான பிறகு புதிதாகத் தனி பாலிசி எடுத்து, இந்தப் பிரசவத்துக்கு க்ளெய்ம் செய்வது பெரும்பாலும் நடக்காது. தனிநபர் பாலிசிகளில் மகப்பேறுக்குத் தனியாகக் காத்திருப்புக் காலம் இருக்கும்; பலவற்றில் அது ஆண்டுக்கணக்கில் போகும். எனவே கைகொடுப்பது கம்பெனி குரூப் பாலிசிதான். அதிலும் 'ஐந்து லட்சம் கவர் இருக்கு' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மகப்பேறுக்கு மட்டும் தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். இந்தக் கேள்விகளை மெயிலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்:

- சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் வரம்பு எவ்வளவு?
- பிரசவத்துக்கு முந்தைய ஸ்கேன், டெஸ்ட் செலவு இதில் வருமா?
- குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா? என்ஐசியூ செலவு மகப்பேறு வரம்புக்குள் அடங்குமா, முழு கவரிலிருந்து கிடைக்குமா?
- பிறந்த குழந்தையின் பெயரை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும்?
- பாலிசி மனைவியின் கம்பெனியில் இருந்தால், அவர் வேலையை விடும்போது கணவரின் பாலிசியில் ஆண்டின் நடுவே சேர்க்க முடியுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில பாலிசிகளில் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் தாயும் குழந்தையும் எந்த பாலிசியிலும் இல்லாமல் இருப்பது பெரிய ஆபத்து.

கம்பெனி பாலிசி இருந்தாலும் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சம்பளம், அதுவும் போனால் இன்சூரன்ஸும் சேர்ந்து போகும் என்ற நிலை வேண்டாம். தனிநபர் உடல்நல, ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பது சின்ன ஆறுதல்.

பிரசவம் தாய்வீட்டில் என்றால்?

வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போவது நம் ஊர் வழக்கம். பெங்களூருவில் செக்கப், திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ பிரசவம் என்றால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அங்கே நீங்கள் நினைக்கும் மருத்துவமனை உங்கள் இன்சூரன்ஸின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா? இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் முதலில் கட்டிவிட்டு, பிறகு க்ளெய்ம் செய்ய வேண்டியிருக்கும். அந்தத் தொகை கையில் இருக்க வேண்டும். இரண்டு, பிறப்புச் சான்றிதழ் குழந்தை பிறந்த ஊரில்தான் வாங்க வேண்டும். 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை ஆவணம். அப்பா, அம்மா பெயர் எழுத்துகளை அங்கேயே சரிபாருங்கள்.

மூன்றாவது, அந்த மாதங்களில் பெங்களூரு வாடகையும் ஓடும், வார இறுதிப் பயணச் செலவும் கூடும், பெற்றோர் கையிலிருந்தும் பணம் கரையும். வளைகாப்பு, பெயர் சூட்டுதல், காதுகுத்து என்று வரிசையாக வரும் விசேஷங்களுக்கும் முன்கூட்டியே ஒரு தொகையை இரு வீட்டாரும் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. "சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க" என்பதற்காக கிரெடிட் கார்டைத் தேய்த்தால், அதற்கு வட்டி கட்டப்போவது அந்த ஒரே சம்பளம்தான்.

பிரசவத்துக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

சுகப்பிரசவம் என்று நம்பலாம், பட்ஜெட் மட்டும் சிசேரியனுக்குப் போடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் அது 47.4 சதவீதம். தமிழ்நாட்டில் அரசு, தனியார் இரண்டும் சேர்த்தே 44.9 சதவீதம்.

மருத்துவமனை 'பேக்கேஜ்' சொன்னால் அதில் மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், மருந்து, கூடுதல் நாள் தங்கல் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். என்ஐசியூ ஒரு நாள் கட்டணத்தையும் கேளுங்கள். அந்த பேக்கேஜ் கழித்து இன்சூரன்ஸ் தராத மீதியும், நான்கைந்து நாள் என்ஐசியூ செலவும் ரொக்கமாக இருந்தால் தைரியமாக இருக்கலாம்.

அரசு மருத்துவமனை என்ற வழியையும் யோசிக்காமலேயே ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே சிசேரியன் உட்படப் பிரசவம் இலவசம். பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி இலவசப் பரிசோதனை நடக்கிறது.

தடுப்பூசியிலும் பெரிய மிச்சம் உண்டு. பிசிஜி, போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா வைரஸ், நிமோனியாவைத் தடுக்கும் பிசிவி, தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியாரில் பிசிவி ஒரு டோஸுக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். அரசு அட்டவணையில் இல்லாத ஊசிகளை மட்டும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஒரு சம்பளமும் நின்னுட்டா?

இரண்டு சம்பள வீட்டில் ஒருவருக்கு வேலை போனால் மற்றவர் தாங்குவார். ஒரு சம்பள வீட்டில் அந்தத் தாங்கல் இல்லை. ஐ.டி. வேலைகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். எனவே ஆறு மாத அத்தியாவசியச் செலவாவது அவசர நிதியாக இருக்க வேண்டும்.

நம் மாதிரி வீட்டில் குறைத்த பிறகான செலவு 85,000. சேமிப்பு 8,000-ஐக் கழித்தால் 77,000. ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 4,60,000. எங்கிருந்து வரும்? ஒத்திகையில் சேர்ந்தது 1,80,000. விடுப்பு காலச் சம்பளம் 3 லட்சத்தில், மாதாந்தரத் துண்டு 5,000 வீதம் போக 2,70,000. ஆக 4,50,000. பிரசவச் செலவின் மீதி இதில் கொஞ்சம் தின்னும். போனஸோ பழைய சேமிப்போ அதை ஈடுகட்ட வேண்டும். இந்தப் பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. எஃப்டி, சேமிப்புக் கணக்கு போதும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு.

அடுத்தது டெர்ம் இன்சூரன்ஸ். ஆண்டு வருமானத்தைப் போல் பத்து முதல் பதினைந்து மடங்கு என்பது பொதுவான கணக்கு. சம்பாதிப்பவர் பெயரில் இது இல்லாமல் மற்ற எந்த முதலீடும் வேண்டாம். கணவர் தன் பெயரில் எடுக்கும்போது 'திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874'-இன் கீழ் எடுத்தால், அந்தத் தொகை மனைவி, குழந்தைகளுக்கே போய்ச் சேரும். கடன்காரர்கள் உரிமை கோர முடியாது. இதை பாலிசி எடுக்கும்போதே குறிப்பிட வேண்டும்.

குழந்தை பேர்ல என்ன போடலாம்?

குழந்தை பிறந்த செய்தி போனதுமே யாராவது ஒரு தெரிந்தவர் 'சைல்டு பிளான்' படிவத்தோடு வருவார். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: குடும்பம் நம்பியிருப்பது சம்பாதிப்பவரின் உயிரை. காப்பீடு இருக்க வேண்டியது அவருக்கு. குழந்தையின் படிப்புக்குச் சேமிப்பது தனி வேலை.

பெண் குழந்தை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் நல்ல தேர்வு. 2025-26-இல் வட்டி 8.2 சதவீதம். ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1,50,000 ரூபாய். 10 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதால் முதல் வருடமே பெரிய தொகை கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 250 ரூபாயில் கணக்கைத் தொடங்கிவிட்டு, அவசர நிதி நிறைந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

வரி விஷயத்தில், புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவோடு 12,75,000 வரை. இந்த முறையில் இருப்பவர்களுக்கு 80சி கழிவு கிடையாது. 'வரி மிச்சமாகும்' என்று யாராவது பாலிசி விற்க வந்தால், நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சம்பளத்தை நிறுத்தியவர் கையில் என்ன இருக்கும்?

இதைத்தான் வீட்டில் பேசுவதே இல்லை. பெரும்பாலும் வேலையை விடுவது மனைவிதான். முந்தைய மாதம் வரை கேட்காமல் செலவழித்தவர், குழந்தைக்கு டயப்பர் வாங்கவும் ஜிபே அனுப்பச் சொல்லிக் கேட்கும் நிலை வருகிறது. கணவர் கணக்குக் கேட்காவிட்டாலும் அது உறுத்தும்.

செய்யக்கூடியவை எளிதானவை. சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவு மொத்தமும் கூட்டு அக்கவுன்டுக்குப் போகட்டும், இருவரிடமும் கார்டு இருக்கட்டும். அதற்கு மேல், தொகை சிறியதானாலும் மாதாமாதம் அவர் பெயரில் ஒரு சேமிப்பு தொடரட்டும். அவர் பெயரில் பிபிஎஃப் இருந்தால் வட்டிக்கு வரி இல்லை. வேறு முதலீடுகளில் வரும் வருமானம் பணம் கொடுத்தவரின் கணக்கில் சேர்க்கப்படும் என்பதை மட்டும் தெரிந்துவைத்திருங்கள்.

வேலையை விட்டதும் பிஎஃப் பணத்தை எடுக்கும் அவசரம் வேண்டாம். ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணிக்கு முன் எடுத்தால் வரி உண்டு. பென்ஷனுக்குத் தேவையான 10 ஆண்டு பணிக்காலத்தில், இதுவரை செய்த வேலையும் சேர வேண்டுமானால் அதை எடுக்காமல் இருக்க வேண்டும். மீண்டும் வேலைக்குப் போகும்போது அதே யுஏஎன் எண்ணில் தொடரலாம்.

2023 ஜூனில் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டையும் குழந்தைகளையும் கவனித்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதைக் கோர்ட் வரை கொண்டுபோகாமல், பாஸ்புக்கிலும் நாமினி படிவத்திலும் இப்போதே காட்டிவிடலாம்.

எந்த மாதம் என்ன செய்யணும்?

- 3-ஆம் மாதம்: மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்து உண்மைச் செலவை எழுதுங்கள். ஹெச்ஆருக்கு மெயில். ஒத்திகை தொடக்கம்.
- 4-5: வாடகை, கார், கடன் பற்றிய முடிவு. சம்பாதிப்பவருக்கு டெர்ம் இன்சூரன்ஸ்.
- 6-7: மருத்துவமனை தேர்வு, எழுத்தில் கட்டண விவரம், கேஷ்லெஸ் உறுதி. விசேஷச் செலவு பேச்சு.
- 8-9: விடுப்பு விண்ணப்பம். பிரசவத் தொகை தனி அக்கவுன்டில். நாமினி, பாஸ்வேர்டு விவரம் இருவருக்கும்.
- பிறந்த முதல் மாதம்: பிறப்புப் பதிவு. குழந்தையை பாலிசியில் சேர்த்தல். தடுப்பூசி அட்டை.
- விடுப்பின் 5-ஆம் மாதம்: வேலைக்குத் திரும்புவதா, வீட்டிலிருந்து வேலையா, நிறுத்துவதா என்ற முடிவு.

இதில் பணம் கேட்காத வேலை ஒன்று இருக்கிறது: மேலே உள்ள ஐந்து கேள்விகளோடு ஹெச்ஆருக்குப் போகும் மெயில். அதை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.